தூண்டில் குண்டு நிற்கவில்லையா? கனத்தைக் கூட்டாதீர்கள்

பினாங்கின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 34. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தூண்டில் பழகி இரண்டு வருடம் ஆகிறது. நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

“ஓய்வு கிடைக்கும் சனி, ஞாயிறுகளில் கர்ப்பால் சிங் டிரைவ் கரையில் நின்று தூண்டில் போடுவேன். தண்ணீர் இழுக்கத் தொடங்கினால் குண்டு நிற்பதே இல்லை. ஐந்து நிமிடத்தில் பக்கத்து ஆளின் தங்கூசியோடு (நைலான் தூண்டில் நூல்) போய்ச் சிக்கிக்கொள்கிறது. ‘கனமா போடு, நிக்கும்’ என்றார்கள். 20 எண் போட்டேன், 30 போட்டேன், போன மாதம் 40 போட்டேன். வீசும்போதே 12 பவுண்டு தாங்கும் தங்கூசி அறுந்து, குண்டு நடைபாதைப் பக்கம் பறந்துவிட்டது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. என் கோலில் 30–60 கிராம் என்று எழுதியிருக்கிறது. 40 அதற்குள்தானே வருகிறது? பத்து பெரிங்கி கடற்கரையின் பாறைப் பக்கம் போனால் ஒரே காலையில் ஏழெட்டுக் குண்டு காணாமல் போகிறது. கோலம் பாஞ்சிங்கில் (காசு கட்டித் தூண்டில் போடும் குளம்) மீன் இரையைத் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறது. வாங்கிக் கட்டுப்படியாகாததால், டயர் கடையில் பழைய ஈயத் துண்டுகளை வாங்கிவந்து வீட்டின் பின்கட்டு அடுப்பில் நானே உருக்கி வார்க்கிறேன். மனைவி மாசமாக இருக்கிறாள், அந்த நெடி ஆகவில்லை என்று சத்தம் போடுகிறாள். நாலு வயது மகளுக்கு அந்தக் குண்டுகளை அடுக்கி விளையாடுவதுதான் பொழுதுபோக்கு. எந்த இடத்துக்கு எத்தனை கிராம் என்று ஒரு பட்டியல் தந்தால் போதும், அண்ணே.”

தம்பி, பட்டியல் இருக்கட்டும். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அடுப்பை இன்றோடு நிறுத்துங்கள்

ஈயத்தைத் தின்றால்தான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். உருக்கும்போது மேலே படரும் சாம்பல் நிற ஆடையும், அதைச் சுரண்டும்போது பறக்கும் தூளும்தான் பெரிய ஆபத்து. அது கைலியில், தரையில், அடுப்பு மேடையில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து மகளின் விரலுக்கும், விரலிலிருந்து வாய்க்கும் போகும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைவிடச் சிறு குழந்தையின் உடம்பு நான்கைந்து மடங்கு ஏற்றுக்கொள்ளும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தீங்கே செய்யாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் சொல்கிறது. தாயின் இரத்தத்தில் உள்ள ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். உங்கள் மனைவி போட்ட சத்தம் நியாயமானது. ஆனால் அவருக்கு வந்த நெடி ஈயத்தின் நெடியன்று, அதில் ஒட்டியிருந்த எண்ணெயும் அழுக்கும் எரிந்த நெடி. நெடி நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றது என்று எண்ணாதீர்கள்.

இன்னொன்று, ஈயம் உருகுவது ஏறத்தாழ 327 டிகிரி செல்சியஸில். டயர் கடைத் துண்டுகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. துத்தநாகம் உருக ஏறத்தாழ 420 டிகிரி வேண்டும். ‘இந்தத் துண்டு உருகமாட்டேன் என்கிறதே’ என்று தீயைக் கூட்டுவீர்கள். அந்தச் சூட்டில் ஈய ஆவி இன்னும் அதிகமாக எழும். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அது நொடியில் நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும்.

செய்ய வேண்டியவை: அந்தச் சட்டி இனிச் சமையலுக்கு வேண்டாம். பின்கட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்த வேலையை மனைவி செய்ய வேண்டாம். உருக்கும்போது போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். குண்டுகளை மூடி போட்ட டப்பாவில், மகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிறகு மனைவியையும் மகளையும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசுச் சுகாதார நிலையம்) அழைத்துப்போய், வீட்டில் ஈயம் உருக்கியதை மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் அது வராது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுப்பார்கள்.

உருக்குவதை விட்டால் செலவுக்கு என்ன வழி என்பீர்கள். நீங்கள் இவ்வளவு குண்டு இழப்பதற்கும், குண்டு நிற்காததற்கும், தங்கூசி அறுந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: எல்லாவற்றுக்கும் கனத்தையே மருந்தாகப் போட்டிருக்கிறீர்கள்.

40 எண் என்பது 40 கிராம் அன்று

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் குண்டுகளில் பல ஜப்பானிய எண்முறையில் வருகின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சீன எழுத்து இருக்கும். அந்த முறையில் ஒரு எண் 3.75 கிராம். ஆகவே 20 எண் 75 கிராம், 30 எண் 112 கிராம், 40 எண் 150 கிராம். உங்கள் கோல் தாங்குவதோ 60 கிராம், அதுவும் இரையோடு சேர்த்து. நீங்கள் முதலில் போட்ட 20 எண்ணே அந்தக் கோலுக்கு அதிகம். 40 எண்ணோடு கோல் முறியாமல் தங்கூசி அறுந்ததை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். சில குண்டுகளில் அவுன்ஸ் கணக்கு இருக்கும். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். சந்தேகம் வந்தால் சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு.

இரைக்கும் இடம் விட வேண்டும். பெரிய இறால் ஒன்றோ ஒரு துண்டு மீனோ சுலபமாக 10 கிராம் வரும். உங்கள் கோலுக்கு 12 முதல் 13 எண், அதாவது 45 முதல் 49 கிராம் வரை சரி. 50 கிராமுக்கு மேல் போடவே கூடாது.

தங்கூசிக்கும் ஒரு கணக்கு உண்டு. வீசும் கணத்தில் தங்கூசியில் விழும் இழுப்பு குண்டின் எடையைப்போலப் பல மடங்கு. அதனால் கரையிலிருந்து முழு வேகத்தில் வீசுகிறவர்கள் ஒவ்வொரு அவுன்ஸ் குண்டுக்கும் 10 பவுண்டு வீதம் தாங்கும் லீடர், அதாவது முனையில் ஒரு தடித்த நூல், கட்டுவார்கள். 50 கிராமுக்கு 20 பவுண்டு லீடர் போதும். நீங்கள் போட்ட 150 கிராமுக்கு 50 பவுண்டுக்கு மேல் வேண்டும்; உங்களிடம் இருந்தது 12. லீடரின் நீளத்தையும் கவனியுங்கள்: குண்டு வீசத் தயாராகத் தொங்கும்போது ரீலில் லீடர் ஐந்தாறு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். 3.6 மீட்டர் கோலுக்கு ஏறக்குறைய 6 முதல் 7 மீட்டர். குட்டையாகக் கட்டினால் பாரம் முழுவதும் மெல்லிய தங்கூசியிலேயே விழும், கட்டியும் பயனில்லை. மாலையில் ஓடுகிறவர்களும் சைக்கிள் பிள்ளைகளும் போகும் நடைபாதையில் பறக்கும் ஈயம் உயிரைக்கூட எடுக்கும். வீசுவதற்கு முன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பதும் தூண்டில் வித்தையில் சேர்ந்ததுதான்.

கனம் ஏன் தோற்கிறது

ஆற்றுப் படுகையைப் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. குண்டைப் பெரிதாக்கினாலோ, கனம் கூடும்போதே தண்ணீர் மோதும் பரப்பும் கூடிவிடுகிறது. உருண்டைக் குண்டின் எடையை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் உண்மையான லாபம் கால் பங்கு சொச்சம்தான். இருபதிலிருந்து நாற்பதுக்குப் போய் நீங்கள் கண்டது இதைத்தான்.

இதில் தங்கூசியின் பங்கை யாரும் பார்ப்பதில்லை. அறுபது, எழுபது மீட்டர் தங்கூசி தண்ணீரில் வளைந்து கப்பல் பாய்போல் நிற்கிறது. பல நேரங்களில் குண்டை உருட்டுவது அந்த வளைவுதான். 20 பவுண்டு நைலான் தங்கூசியின் தடிமன் ஏறக்குறைய 0.40 மில்லிமீட்டர். அதே பலமுள்ள பின்னல் நூல், நம்மவர்கள் பிரெய்டு என்பது, 0.20 அளவில் இருக்கும். தடிமன் பாதியானால் தண்ணீரின் இழுப்பும் ஏறக்குறையப் பாதி. பத்து எண் குண்டு கூட்டுவதைவிட ரீலில் நூலை மாற்றுவது பலன் தரும். பிரெய்டு விரலை அறுக்கும், ஓர் உறை போட்டுக்கொள்ளுங்கள். பாறையில் உரசினால் சட்டென்று போய்விடும், ஆகவே முனையில் நைலான் லீடர் கட்டாயம்.

மூன்றாவது, வீசும் கோணம். நேராகக் கடலைப் பார்த்து வீசினால் தங்கூசியின் முழு நீளமும் நீரோட்டத்துக்குக் குறுக்கே கிடக்கும். ஓட்டம் வரும் திசையில் சாய்வாக, 45 டிகிரி போல வீசுங்கள். குண்டு தரை தட்டியதும் ரீலை உடனே மூடாமல், இன்னும் ஐந்தாறு மீட்டர் தங்கூசியை விடுங்கள். அது ஒரு வில்லாக வளைந்து, குண்டைத் தரையோடு தாழ இழுக்கும், தூக்கி இழுக்காது. கோலை நிமிர்த்தி வைத்தால் கரையோரத் தங்கூசி தண்ணீருக்கு மேலே நிற்கும். இப்படிப் போடும்போது மீன் கடித்தால் கோல்முனை குனியாது, தங்கூசி தளர்ந்துபோகும். அதைப் பார்த்து ‘குண்டு மறுபடி உருளுது’ என்று சும்மா நின்றுவிடாதீர்கள். தளர்வை வேகமாகச் சுற்றி இழுங்கள். கூட்டமான கரையில் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாய்வாக வீசுவது நல்லது. இல்லாவிட்டால் மீன் சண்டையைவிட ஆள் சண்டை பெரிதாகும்.

அஷ்டமி, நவமி தூண்டிலுக்கு ஆகும்

பினாங்குக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒன்றுக்கொன்று ஆறு மணி நேரம் சொச்சம், நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாள் இழுப்பு கடுமை. அரைநிலாவை அடுத்த நாள்களில் மிதம். மலாய்க்கார மீனவர்கள் ஆயர் மாத்தி என்பது இதைத்தான். அரைநிலா என்பது நம் நாள்காட்டியில் அஷ்டமி. வீட்டில் நல்ல காரியத்துக்கு ஒதுக்கும் அஷ்டமி, நவமியும் அடுத்து வரும் தசமியும் உங்கள் 60 கிராம் கோலுக்கு ஏற்ற நாள்கள்.

ஒரே நாளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் 2.4 மீட்டர் என்றால், முதல் மணியில் 0.2 மீட்டர், இரண்டாவதில் 0.4, மூன்றிலும் நான்கிலும் 0.6 வீதம், பிறகு மறுபடி 0.4, 0.2. இது தோராயக் கணக்குதான். நீரிணையில் ஓட்டம் திரும்பும் நேரம் நீர்மட்டம் திரும்பும் நேரத்தோடு முன்பின் இருக்கலாம். ஆனாலும் நடு இரண்டு மணி நேரம்தான் உங்களைப் படுத்துகிறது என்பது இதில் தெரியும். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போங்கள். முதல் மணியிலும் கடைசி மணியிலும் 45 கிராம் பெரும்பாலும் நிற்கும்.

தரையைப் பார்த்து வடிவம்

உங்கள் கரை சேற்றுத்தரை. அங்கே உருண்டைக் குண்டு உருளும், கூம்புக் குண்டு புதையும். புதைந்ததைச் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், இரையும் கூடவே உள்ளே போகும். தட்டையான காசுக் குண்டு அங்கே மேல். ஓட்டம் மிஞ்சினால் கம்பிக்கால் குண்டு: அடியில் நாலு கம்பிகள் நங்கூரம்போல விரிந்திருக்கும், வேகமாக இழுத்தால் மடங்கிக்கொள்ளும். கம்பி உள்ள 45 கிராம், கம்பியில்லாத 100 கிராமைவிட உறுதியாக நிற்பது சாதாரணம். கம்பிகள் சிறு தட்டுக்கே மடங்கினால், அவற்றைப் பிடித்திருக்கும் மணியையோ ரப்பரையோ இறுக்க வேண்டும். பிடுங்கவே முடியாமல் இருந்தால் தளர்த்த வேண்டும்.

பத்து பெரிங்கியில் மணல் திறந்திருக்கும் இடத்தில் கூம்பு சரியாக உட்காரும். பாறை முனைகளுக்குக் கூம்பும் கம்பிக்காலும் கொண்டுபோகவே கூடாது. கருங்கல் இடுக்கில் விழுந்தால் திரும்பாது. அங்கே முதல் வழி, தக்கை போட்டு இரையைத் தரைக்கு மேலே நிறுத்துவது. தரையில் போட்டே ஆக வேண்டுமென்றால், இழப்பதற்கென்றே ஒரு குண்டு கொண்டுபோங்கள்: ஹார்ட்வேர் கடை இரும்பு நட். எம்16 அளவு ஏறக்குறைய 33 கிராம், எம்12 ஏறக்குறைய 17 கிராம், இரண்டையும் சேர்த்தால் உங்கள் கோலின் எல்லைக்குள் அடங்கும். ‘ஈயம்தானே கனம்?’ என்பீர்கள். கடல்நீருக்குள் 100 கிராம் ஈயம் 91 கிராமாகவும், 100 கிராம் இரும்பு 87 கிராமாகவும் நிற்கும். வேறுபாடு அவ்வளவுதான். கருங்கல்தான் 62 கிராமுக்கு இறங்கிவிடும்.

அந்த நட்டை 8 பவுண்டு மெல்லிய நூலில் கட்டுங்கள். சிக்கினால் நூல் மட்டும் அறும். முள்ளும் மீனும் கைக்கு வந்துவிடும். வீசும்போதே அந்த நூல் அறாமலிருக்க ஒரு சின்ன வேலை: லீடரின் அடிமுனையில் ஒரு திறந்த கம்பிக் கொக்கி வைத்து, நட்டின் வளையத்தை அதில் மாட்டுங்கள், மெல்லிய நூல் பக்கத்தில் தளர்வாகத் தொங்கட்டும். பறக்கும்போது பாரம் கொக்கியில். தண்ணீரில் விழுந்து தங்கூசி தளர்ந்ததும் வளையம் கழன்று, நட் மெல்லிய நூலுக்கு வந்துவிடும். முதலில் மெதுவாக வீசிப் பழகுங்கள்.

கோலம் பாஞ்சிங்கில் ஓட்டமே இல்லை. அங்கே கடல் குண்டைப் போட்டால் சியாகாப் (கொடுவா மீன்) இரையை வாயில் வைத்ததும் பாரம் தெரிந்து துப்பிவிடும். 5 முதல் 10 கிராம், நடுவில் துளையுள்ள உருண்டை போதும். தங்கூசி துளைக்குள் தாராளமாக ஓட வேண்டும். முடிச்சில் இடிக்காதிருக்கக் குண்டுக்கும் சுவிவலுக்கும் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு வளையம்) நடுவில் ஒரு மணி கோருங்கள். தக்கை போட்டால், நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரியும் வரை பிளவுக் குண்டுகளை (நடுவே பிளந்த பொடிக் குண்டு) ஒவ்வொன்றாகச் சேருங்கள். அவற்றைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், இடுக்கி எதற்கு இருக்கிறது? பிரிட்டனில் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக் குண்டுகளை 1987இலேயே தடை செய்தார்கள். அன்னப்பறவைகள் அவற்றை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. பிளவுக் குண்டு வெள்ளீயத்திலும் வருகிறது. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

புதுக் கோல் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் பிரெய்டு, 20 பவுண்டு லீடர், 45 கிராமில் நாலு கம்பிக்கால், நாலு காசுக் குண்டு. இவற்றோடு இரண்டு அஷ்டமியும் ஒரு பௌர்ணமியும் பார்த்துவிடுங்கள். பௌர்ணமி இழுப்பில் நடு நேரத்திலும் நின்றே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால், அப்போது 100 முதல் 150 கிராம் தாங்கும், நான்கு மீட்டர் அளவிலான கரைக் கோல் வாங்குங்கள். அதற்கேற்ற 50 பவுண்டுக்கு மேற்பட்ட லீடரும் சேர்த்து. லேசான கோலையே வைத்துக்கொண்டு குண்டை மட்டும் கூட்டுவது என்ற மூன்றாவது வழி உங்களுக்கு இல்லை.

கையிலிருக்கும் 30, 40 எண் குண்டுகளை வீசி எறிய வேண்டாம். கடிதத்தின் ஓரத்தில், மச்சான் ஒருவர் படகு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு வேலை அங்கேதான். படகிலிருந்து அப்போலோ (கிளை முள்கள் மேலே, குண்டு அடியில்) கட்டி நேர்க்கீழே இறக்கும்போது வீச்சு இல்லை. கைக்கயிறோ தடித்த படகுக் கோலோ போதும். அங்கே சோதனை சுலபம்: குண்டு தரை தட்டுவது கையில் தெரிய வேண்டும், தங்கூசி ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். 30 எண்ணில் தொடங்குங்கள். தங்கூசி சாய்ந்து, தரை தட்டுவது தெரியாமல் போனால் 40. உருண்டையைவிட நீண்டு ஒல்லியான குண்டு அங்கே வேகமாக இறங்கும். அதற்கும் நிற்காவிட்டால் ஓட்டம் தணியும் வரை காத்திருங்கள், அல்லது மச்சானைப் படகை ஜெரெஜாக் தீவின் மறைவுப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.